இரவல் கால்கள்

இரண்டாம் பாதிக்கு ரெஃப்ரி விசில் ஊதியபோது ஜெனோவா கோல் கம்பத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள், ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கையுறைகளில் துப்பித் தேய்த்துக்கொண்டாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிரே பார்த்தாள். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ஒண்ணு என்று மனசு சும்மா சொல்லிக்கொண்டே இருந்தது, யாரோ பக்கத்தில் நின்று சொல்வது மாதிரி. டிரா ஆனால் கோப்பை தென்காசிக்காரிகளுக்கு, அவர்கள்தான் புள்ளியில் முன்னால் இருக்கிறார்கள், ஜெயித்தால் மட்டும்தான் நமக்கு. ஜெயித்தால் மாநில லீக் கோப்பை, அதற்கப்புறம் தேசியப் போட்டியின் தகுதிச் சுற்று, திண்டுக்கல் மலைக்கோட்டை மகளிர் கால்பந்துக் கழகம் பிறந்ததிலிருந்து அந்த வாசலை எட்டிக்கூடப் பார்த்தது கிடையாது. அதை நினைத்தாலே பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் அதற்கு நடுவில் ஒரு முள், தனிஸ்லாஸ் சார் இடைவேளையில் கேட்ட கேள்வி. எல்லாரும் குளுக்கோஸ் தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கோச் அவளை மட்டும் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "அஞ்சுகத்துக்குத் தொடை இழுக்குதும்மா. கொஞ்ச நேரம் பாத்துட்டு அவள வெளிய எடுத்துட்டு பாண்டீஸ்வரிய எறக்கிரலாமா? நீ கேப்டன், நீ சொல்லு" என்றார். அவள் என்ன சொன்னாள்? "நீங்க பாத்துச் செய்யிங்க சார்" என்றாள். இத்தனை மாதம் அதற்காகத்தானே சண்டை போட்டாள், அந்த லோன் பிள்ளையை வெளியே உட்கார வை, நம்ம பாண்டியை உள்ளே விடு என்று, அதைக் கையில் கொண்டுவந்து கொடுத்தபோது சரி என்று சொல்ல ஏன் வரவில்லை? பந்து சென்டர் லைனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இங்கே கோலில் நிற்கிறவளுக்கு நினைக்கிறதற்கு நேரம் கிடைத்துவிடும், அதுதான் இந்த வேலையின் கஷ்டமே.

லோன். அந்த வார்த்தையை முதலில் வீட்டில் சொன்னபோது அம்மா, "எந்த பேங்க்லடி?" என்று கேட்டது ஞாபகம் வந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, இங்கே நின்று சிரித்தால் மதிலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பைத்தியம் என்று நினைப்பார்கள். பேங்க் இல்லம்மா, சென்னையில் நெய்தல் எஃப்.சி. என்று பெரிய க்ளப், அவர்களிடம் இளசாக நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாரையும் இறக்க இடமில்லை, அதனால் ஒரு சீசனுக்கு நம்மிடம் அனுப்புகிறார்கள், முடிந்ததும் திருப்பிக் கூட்டிக்கொள்வார்கள். "அப்பிடின்னா இரவல் நகை மாதிரி" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். க்ளப் கூட்டத்தில் அதையேதான் இவளும் எழுந்து நின்று சொன்னாள், இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் போட்டோவில் நல்லாத்தான் இருக்கும் சார், மறுநாள் கழுத்து வெறுங்கழுத்துதானே, அவர்கள் பிள்ளையை நாம் விளையாட விட்டு, பழக்கி, தேற்றி அனுப்புவோம், நம்ம பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து துருப்பிடிக்கும், இதில் நமக்கு என்ன லாபம்? தனிஸ்லாஸ் சார் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போன வருசம் பாதி மேட்ச்சுல நம்ம கோலே போடலியேம்மா. கோல் போட ஒரு ஆளு வேணும். அந்தப் பிள்ளைக்கு ஆட ஒரு இடம் வேணும். நெய்தல்காரங்களுக்கு அவ தேறி வரணும். மூணு பேருக்கும் நல்லதுதான?" என்றார். மூணு பேருக்கு, சார், நாலாவது ஆள் ஒருத்தி இருக்கிறாளே என்று கத்த வேண்டும்போல் இருந்தது, நாலாவது ஆள் பாண்டீஸ்வரி இவளுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே தலையைக் குனிந்துகொண்டு செருப்பின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள், அதனால்தான் கத்தவில்லை. இதோ வருகிறார்கள், வலது பக்கம், அந்த நெட்டைப் பெண் ஓடி வருகிறாள், கிராஸ், உயரம், வெயில், பந்து தெரியவில்லை, வெயிலுக்குள் போய்விட்டது, எங்கே, எங்கே, "கீப்பர்!" என்று தன் குரலே தனக்குக் கேட்டது, குதித்தாள், இரண்டு முஷ்டியும் சேர்ந்து எதிலோ மோதியது, பந்துதான், ஆண்டவரே பந்துதான், அது பாக்ஸுக்கு வெளியே போய் விழுந்தது, நம்ம பிள்ளை ஒருத்தி ஓங்கி உதைத்து விரட்டிவிட்டாள். மதிலிலிருந்து ஒரு குரல், "அப்பிடிப் போடு தாயி!" அவள் கோல் கோட்டுக்குப் பின்வாங்கி நின்றாள். காற்று திரும்பி பேகம்பூர்ப் பக்கமிருந்து தோல் பதனிடுகிற ஷாப்பு வாடையை மைதானத்துக்குள் கொண்டுவந்தது. வெளியூர் அணிகள் இந்த வாடைக்கு மூக்கைப் பொத்தும், நமக்கு இது வீட்டு வாடை.

பாண்டீஸ்வரிக்கும் அவளுக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், ஒரே ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்ட காலம் ஒன்று உண்டு. பாண்டி முன்னால் ஓடுவாள், இவள் பின்னால் நிற்பாள். பிறகு இவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை, அவளுக்கு மெயின் ரோட்டு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. நாள் முழுக்க நின்றுவிட்டு, சேலையைப் பிரித்து மடித்துவிட்டு, அதற்கப்புறம் மைதானத்துக்கு வந்து ஓடுகிற காலுக்கு எவ்வளவு தெம்பு இருக்கும்? அப்படியிருந்தும் ஒன்பது வருசம் இந்த க்ளப்பின் கோலெல்லாம் பெரும்பாலும் அந்தக் காலில் இருந்துதான் வந்தது. அந்த இடத்தில் கொண்டுவந்து பதினெட்டு வயசுப் பிள்ளையை வைத்தார்கள், கடலூர்க்காரி, ஒல்லியாக, கறுப்பாக, தோளில் ஒரு பையோடு பஸ்ஸைவிட்டு இறங்கி, "அக்கா, ஹாஸ்டல் எங்கக்கா?" என்று முதன்முதலில் கேட்டது பாண்டியிடம்தான். பாண்டி கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். என்னடி, உன் இடத்துக்கு வந்தவளுக்கு நீயே வழிகாட்டி விட்டு வர்றியே என்று இவள் கொதித்தபோது பாண்டி சொன்னது, "அது என்னடி செய்யும், சின்னப் பிள்ள, அனுப்புனாங்க, வந்திருக்கு." அவ்வளவுதான். கோபப்பட வேண்டியவள் கோபப்படவில்லை, அதனால் அவளுடைய கோபத்தையும் சேர்த்து இவள் சுமந்தாள். அப்படித்தானா? நிஜமாகவே பாண்டிக்காகத்தானா? இங்கேதான் நினைப்பு எப்போதும் வந்து ஒரு கல்லில் இடறுகிறது, இடறிவிட்டு வேறு பக்கம் ஓடப் பார்க்கிறது. ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் யாரோ இவள் காதில் போட்டிருந்தார்கள், நெய்தலில் ஒரு கீப்பரும் இருக்கிறதாம், நல்ல உயரமாம், கை நீட்டினால் மேல் கம்பியைத் தொடுமாம், அடுத்த சீசனுக்கு அதையும் லோனில் கேட்கலாம் என்று பேச்சாம். ஜெனோவா அவ்வளவு உயரமில்லை. முப்பத்தொன்று நடக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்று நம்ம பிள்ளை, நம்ம பிள்ளை என்று சொன்னபோது அந்த நம்ம பிள்ளை யார்? பாண்டியா, தானா? ச்சீ, இப்போது இதையா நினைக்கிறது, பந்து எங்கே, ம், அங்கிட்டுத்தான் இருக்கிறது, இடது ஓரத்தில், அஞ்சுகம் காலில்.

அஞ்சுகம் காலில் பந்து வந்தாலே மைதானத்தின் சத்தம் மாறிவிடுகிறது. முதல் பாதியில் அந்தக் கோல், அப்போது எதிர்முனையில் நின்று பார்த்தபோது அவள் ஓடினமாதிரியே தெரியவில்லை, மற்றவர்கள் எல்லாரும் நின்றுவிட்டமாதிரி தெரிந்தது, பந்து வலைக்குள் இருந்தது. இவள் தன்னையறியாமல் துள்ளிக் குதித்துவிட்டாள், குதித்துவிட்டு பெஞ்சைப் பார்த்தாள், பாண்டியும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்ததும் குதித்தது குற்றம்போல் இருந்தது. ஒரு சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க முடியாதா? போன வருசம் பயிற்சிக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். இப்போது மதிலோரம் பார்த்தால் யூனிஃபார்மோடு கூட்டம், எல்லாம் அஞ்சுகம் மாதிரி தலைமுடியை உச்சியில் முடிந்துகொண்டு, அஞ்சுக்கா அஞ்சுக்கா என்று. அது லாபமில்லையா? லாபம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒன்று நாளைக்கு வளர்ந்து வரும்போது அதன் இடத்தில் இன்னொரு லோன் வந்து உட்கார்ந்தால்? அப்போது நஷ்டம்தானே. அப்படிப் பார்த்தால் லாபம், இப்படிப் பார்த்தால் நஷ்டம், பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் இருந்து பார்க்கிற மாதிரி, மலை ஒரு வளைவில் இந்தப் பக்கம் வருகிறது, அடுத்த வளைவில் அந்தப் பக்கம் போய்விடுகிறது. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ஒண்ணு. அஞ்சுகம் தொடையைப் பிடித்துக்கொண்டு குனிவது தெரிந்தது. எழுந்துவிட்டாள். ஓடுகிறாள். நொண்டுகிறாளா? "சார் பாக்குறாரு, நொண்டாத பிள்ள" என்று வாய் முணுமுணுத்தது, முணுமுணுத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது, நாம் அந்தப் பிள்ளை வெளியே போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று.

அந்த ஆச்சரியத்திலிருந்து அவள் வெளியே வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. தென்காசிக்காரிகளின் பந்து ஒன்று நடுவில் கிழித்துக்கொண்டு வந்தது, நம்ம டிஃபென்ஸ் பிள்ளை வசந்தமாலை காலை நீட்டினாள், பந்தில் படுவதற்கு முன்னால் எதிராளி இடறி விழுந்தாள், விசில். ரெஃப்ரியின் கை பெனால்டிப் புள்ளியைக் காட்டியது. வசந்தமாலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எதிரணி பெஞ்சில் இருந்தவர்கள் இப்போதே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜெனோவாவுக்குக் காது அடைத்துப்போனது மாதிரி, தண்ணிக்குள் முங்கினது மாதிரி, எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டது. அவளுக்கு இடது பக்கம் பாய வராது. அது ஊருக்கே தெரியும். சின்ன வயசில் இடது தோள் விலகிக் கட்டுப்போட்டதிலிருந்து அந்தப் பக்கம் விழ உடம்பு ஒரு கணம் யோசிக்கும், அந்த ஒரு கணத்தில் பந்து உள்ளே போய்விடும். தென்காசிக்காரிகளுக்கும் தெரியும், அந்த நெட்டைப் பெண் பந்தை வைத்துவிட்டு இவளுக்கு இடது மூலையை ஒரு பார்வை பார்த்தாள், பார்க்காத மாதிரி பார்த்தாள். விசில். அவள் ஓடி வருகிறாள். உடம்பு யோசிக்கவில்லை. அதுதான் விஷயம், உடம்பு யோசிக்கவே இல்லை, போய்விட்டது, இடது பக்கம் முழுசாக நீண்டு காற்றில் போய்விட்டது, விரல் நுனியில் பந்து சுரீரென்று பட்டது, பட்டுக் கம்பத்தில் டங்கென்று மோதி வெளியே போனது, தோள் தரையில் போய் இடித்தது, வாயெல்லாம் செம்மண். தடுத்துவிட்டோம். ஐயோ தடுத்துவிட்டோம். வசந்தமாலை மேலே வந்து விழுந்து அழுகிறாள், "யக்கா, யக்கா" என்கிறாள். "அழுகாதடி, கார்னர் வருது, எந்திரி, ஆளப் பிடி, ஆளப் பிடி!" என்று இவள் கத்துகிறாள். கத்திக்கொண்டே உள்ளுக்குள் வேறொன்று விரிகிறது, பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் போகாமல் நிற்கிற ஒரு ஒல்லிப் பிள்ளை, "அக்கா, இன்னும் ஒரு பத்துக்கா, ப்ளீஸ்க்கா" என்று, இடது காலில் அடித்துப் பழக வேண்டுமாம் அதற்கு. அது இடது காலில் அடிக்கிற பந்தெல்லாம் எப்போதும் இவளுக்கு இடது மூலைக்கே வந்தது, வேண்டுமென்றே இல்லை, அந்தக் கால் அப்போது அப்படித்தான் போகும். பிப்ரவரியிலிருந்து. மழை பெய்த நாளில்கூட. இவள் திட்டிக்கொண்டே விழுந்தாள், எத்தனை தடவை விழுந்தாள் என்று யார் எண்ணினார்கள். அது தன் காலைப் பழக்கிக்கொண்டிருந்தது என்றுதான் இவள் நினைத்திருந்தாள், எங்கள் மைதானம், எங்கள் பந்து, எங்கள் கீப்பர், நாளைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடும் என்று. எடுத்துக்கொண்டு போகட்டும். ஆனால் இந்தப் பாய்ச்சல் போகாது. இது இங்கே இருக்கிறது, இந்தத் தோளில், இதை யார் திருப்பிக் கேட்க முடியும்?

கார்னர் மேலே சுற்றி வந்தது, இரண்டு பேர் முதுகில் முட்டினார்கள், அவள் குதித்து அதை நெஞ்சோடு வாங்கிக்கொண்டு கீழே விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே எதிரே பெஞ்சைப் பார்த்தாள். பாண்டீஸ்வரி ஓரத்தில் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். தனிஸ்லாஸ் சார் ஆள் மாற்றுகிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு லைன்ஸ்மேனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், கை அஞ்சுகம் பக்கம் நீண்டது. பாண்டி உள்ளே, அஞ்சுகம் வெளியே. இத்தனை மாதமாக ஜெனோவா கேட்டது அப்படியே தட்டில் வைத்து வருகிறது. ஓங்கி உதைத்துப் பந்தை வெளியே அனுப்பினாள், வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே, ஆட்டம் நிற்கட்டும் என்று. நின்றதும் கோலை விட்டுப் பாக்ஸின் ஓரம்வரை ஓடிவந்து, தொண்டை கிழிய, "சார்! அஞ்சுகத்த எடுக்காதீங்க! ரெண்டு பேரும் இருக்கட்டும்!" என்று கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும்! பின்னாலேர்ந்து ஒரு ஆள எடுங்க! நான் பாத்துக்கிறேன் சார்! நான் பாத்துக்கிறேன்!" சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கணக்குப் புரிந்தது. பின்னால் நான்கு பேர் நிற்கிற இடத்தில் மூன்று பேர். தென்காசிக்காரிகள் ஒருதடவை உடைத்துக்கொண்டு வந்தால் நேராக இவள் முகத்துக்குத்தான் வருவார்கள். உள்ளே விட்டால் யார் கேட்பார்கள் அஞ்சுகத்தை, யார் கேட்பார்கள் பாண்டியை, ஜெனோவாதான் கத்தினாள், ஜெனோவாதான் விட்டாள் என்று மதிலில் இருக்கிற முறுக்குக்காரர்வரை சொல்வார்கள், அந்த உயரமான கீப்பர் அடுத்த மாதமே வந்து இறங்கும். சொல்லட்டும். இறங்கட்டும். சார் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அப்புறம் வசந்தமாலைக்குக் கையைக் காட்டினார். வசந்தமாலை ஓடிப்போனாள், பாண்டீஸ்வரி உள்ளே வந்தாள், வந்தவள் நேராக முன்னால் போய் அஞ்சுகத்தின் முதுகில் ஒரு தட்டு தட்டி என்னவோ சொன்னாள், அந்தப் பிள்ளை தலையை ஆட்டியது. இங்கிருந்து என்ன கேட்கும்? ஆனால் அந்தத் தட்டைப் பார்த்ததும் தன் முதுகில் தட்டின மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் இருந்தது ஆட்டமா, பேய் பிடித்ததா என்று அவளால் பிற்பாடும் சொல்ல முடியவில்லை. முன்னால் இரண்டு பேர் என்றதும் தென்காசி டிஃபென்ஸ் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் குழம்பியது. அஞ்சுகம் ஓடினால் பின்னாலேயே இரண்டு பேர் ஓடினார்கள், அந்த ஓட்டம் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் பாண்டி மெதுவாக, சேலைப் பிரிவில் நடக்கிற மாதிரி நடந்து வந்து நின்றாள். இத்தனை வருசத்தில் அவளுக்கு முன்னால் இப்படி இடத்தைக் காலி பண்ணிக் கொடுக்க ஒரு ஆள் இருந்ததா? ஒருத்தியும் இல்லை, தனியாகவே முட்டி முட்டிப் போட்டவள். ஒரு ஷாட் மேல் கம்பிக்கு மேலே போனது, மைதானமே "ஐயோ" என்றது. ஒரு ஷாட் அவர்கள் கீப்பர் காலில் பட்டுத் திரும்பியது. அந்த முனையில் புழுதி, இந்த முனையில் ஜெனோவா ஒற்றையாக, இரண்டு கையையும் தொடையில் அடித்துக்கொண்டு, போடுங்கடி, போடுங்கடி, யாராவது போடுங்கடி. அவர்களும் சும்மா இல்லை, உடைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள், தனியாக, நேராக, இவள் கோலை விட்டு வெளியே பாய்ந்து அவள் காலடியில் விழுந்தாள், முழங்கால் ஒன்று விலாவில் ஏறியது, பந்து கைக்குள் இருந்தது, வலி அப்புறம், வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எழுந்து பந்தைத் தூக்கி எறிந்தாள். அது வலது ஓரத்துக்குப் போனது, அங்கேயிருந்து உள்ளே, பாண்டி நெஞ்சில் வாங்கினாள், தள்ளினாள், அஞ்சுகம், ஒரு உதை, யார் மேலோ பட்டது, கூட்டம், அத்தனை பேரும் ஒரே இடத்தில், கால்கள், புழுதி, வெயில் நேராகக் கண்ணில், ஒன்றுமே தெரியவில்லை, ஒன்றுமே தெரியவில்லை, பிறகு வலை மட்டும் தெரிந்தது. வலை அசைந்தது. மதிலில் இருந்தவர்கள் உள்ளே குதித்தார்கள்.

ஜெனோவா ஓடினாள். கீப்பர் ஓடக்கூடாது, கீப்பருக்குக் கோலில்தான் வேலை, முப்பத்தொரு வயசு டீச்சர், விலாவில் அடிபட்டவள், அதெல்லாம் பின்னாலேயே நின்றுபோனது. பாக்ஸைத் தாண்டினாள், சென்டர் லைனைத் தாண்டினாள், மேட்ச் நடுவில் இதற்கு முன் அந்தக் கோட்டைத் தாண்டினதாக ஞாபகமே இல்லை, முதல் பாதியில் நின்ற பக்கம்தான், ஆனாலும் இப்போது புல் வேறு மாதிரி இருக்கிறது, காற்றுகூட வேறு மாதிரி இருக்கிறது. யார் போட்டது? யார் போட்டது? ஓடிக்கொண்டே அதைத்தான் கேட்டுக்கொண்டாள், முதலில் பாண்டியாக இருக்க வேண்டும், பாண்டி போட்டிருந்தால் கூட்டத்தில் நாம் சொன்னது சரி, அப்புறம் அஞ்சுகமாக இருக்க வேண்டும், நாளைக்குப் போகிற பிள்ளை, அது போட்டிருந்தால் சார் சொன்னது சரி, பாண்டி, அஞ்சுகம், பாண்டி, ஒவ்வொரு காலடிக்கும் ஒரு பெயர், பாதி தூரம் போவதற்குள் எந்தக் காலுக்கு எந்தப் பெயர் என்பதே குழம்பிவிட்டது, மூச்சு வாங்கியது, சிரிப்பு வந்தது. போய்க் குவியலின் மேல் பொத்தென்று விழுந்தாள். அடியிலிருந்து யாரோ "யாத்தே!" என்று அலறினார்கள். "யாருடி போட்டது?" என்று கேட்டாள். கீழே நசுங்கிக் கிடந்த அஞ்சுகம், "பாண்டிக்கா, பாண்டிக்காதான்" என்றது. அதற்குப் பக்கத்தில் நசுங்கிக் கிடந்த பாண்டி, "பொய் சொல்லுதுடி, அது கால்லதான் பட்டுச்சு" என்றாள். "இல்லக்கா, உங்க முட்டியில." "போடி லூசு, உன் தொடையில." இருவர் முகத்திலும் ஒரே செம்மண், ஒரே வேர்வை, யார் கறுப்பு யார் சிவப்பு என்றுகூடத் தெரியவில்லை. அப்போதுதான் தென்காசி கேப்டன் பந்தை இடுக்கிக்கொண்டு சென்டருக்கு ஓடுவது ஜெனோவாவின் கண்ணில் பட்டது, ரெஃப்ரி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார், அத்தனை தூரத்தில் அவளுடைய கோல் வாயைத் திறந்துகொண்டு காலியாக நின்றது. "அடிப்பாவிகளா, எந்திரிங்கடி, மேட்ச் முடியல!" என்று கத்தியபடி அவள் திரும்பி ஓடினாள், வந்ததைவிட வேகமாக, விலாவைப் பிடித்துக்கொண்டு, மதிலில் மிச்சமிருந்தவர்கள் "ஓடு தாயி, ஓடு தாயி" என்று சிரித்துக் கைதட்ட.

மிச்ச நேரம் முழுக்கத் தென்காசிக்காரிகள் இவள் பாக்ஸிலேயே குடியிருந்தார்கள். ஒன்றைத் தட்டிவிட்டாள், ஒன்றைப் பிடித்தாள், ஒன்று தானாகவே வெளியே போனது, அதற்கு இவள் கொண்டாடியதைப் பார்த்தால் இவளே தடுத்தது மாதிரி இருந்திருக்கும். பாண்டி பின்னால் வந்து டிஃபென்ஸில் நின்று தலையால் முட்டித் தள்ளினாள், அஞ்சுகம் இழுக்கிற தொடையோடு கார்னர் கொடிக்குப் பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு யாரையும் தொட விடாமல் நேரத்தைக் கடத்தியது. கடைசி விசில் ஊதினபோது ஜெனோவா ஒரு பந்தின் மேல் குப்புறக் கிடந்தாள், எழவில்லை, எழ மனசில்லை, விசில் இன்னொரு தடவை ஊதட்டும் என்று காத்திருந்தாள், ஊதியது. ரெண்டுக்கு ஒண்ணு. மனசு புதுக் கணக்கைச் சொல்லிப் பார்த்தது, ரெண்டுக்கு ஒண்ணு. கோப்பை கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், ரெஃப்ரி அந்தக் கோலைப் பாண்டீஸ்வரி பெயரில் எழுதினார். அது சரியா தப்பா என்று யாரும் கேட்கவில்லை, பாண்டி மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள், அதை யாரும் காதில் வாங்கவில்லை. தனிஸ்லாஸ் சார் பக்கத்தில் வந்து, "அடுத்த வருசத்துக்கு நெய்தல்காரங்க ரெண்டு பேர அனுப்புறேங்கிறாங்க. அதுல ஒண்ணு கீப்பர். என்னம்மா சொல்ற?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்கிற நேரம் பார் என்று நினைத்தாள். பயம் வந்ததா என்று உள்ளே தேடினாள், வந்திருந்தது, ஒரு மூலையில் இருந்தது, ஆனால் நடுவீட்டில் வேறு ஏதோ உட்கார்ந்திருந்தது. "வரட்டும் சார். வந்து எங்கூட சேந்து ட்ரெய்னிங் எடுக்கட்டும். எடத்தப் பிடிக்க முடிஞ்சா பிடிக்கட்டும். ஆனா ஒண்ணு சார், நம்ம சின்னப் பிள்ளைக ரெண்டு பேராவது எல்லா மேட்ச்லயும் எறங்கணும். அத மட்டும் இப்பவே எழுதிக்குங்க. இல்லாட்டி நான் மறுபடி எந்திரிச்சு நின்னு கத்துவேன்" என்றாள். "நீ கத்துறது இன்னைக்குக் கேட்டுச்சேம்மா, திண்டுக்கல் பூராவும் கேட்டுச்சு" என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

அஞ்சுகம் தொடையில் ஐஸ் கட்டியைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது. ஊருக்குப் போன் போட்டதாம், "எங்க அம்மா அழுவுதுக்கா" என்றது. அம்மாவை அது இது என்று சொல்கிற கடலூர்ப் பேச்சு முதலில் எவ்வளவு எரிச்சலாக இருந்தது, இப்போது அதைக் கேட்டால் போதும் என்று இருக்கிறது. ஐஸ் கட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டே அந்தப் பிள்ளை சொன்னது, "அக்கா, லோன் இன்னையோட முடிஞ்சிச்சு, நாளைக்குக் காலைல பஸ்ஸு. தகுதிச் சுத்துல நெய்தலும் இருக்குதுக்கா. உங்களுக்கு எதிரா நான் ஆட வேண்டி வந்தாலும் வரும்." சொல்லிவிட்டுத் திட்டு விழுமோ என்பது மாதிரி ஓரக்கண்ணால் பார்த்தது. ஜெனோவா அந்த மைதானத்தை நினைத்துப் பார்த்தாள், எங்கேயோ பெரிய ஸ்டேடியம், விளக்கு வெளிச்சம், வேறு நிற ஜெர்சியில் இதே ஒல்லி உடம்பு பந்தோடு தன்னை நோக்கி ஓடிவருவதை, பாண்டி அதைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடிவருவதை, கேலரி முழுக்கச் சத்தத்தை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது பசி, அகோரப் பசி, அதோடு உள்ளங்கை அரித்தது. "வா, வந்து அடி" என்றாள், "நல்லா ஓங்கி அடி. மெதுவா கிதுவா அடிச்சேன்னு வையி, கோலுலேர்ந்து ஓடி வந்து கன்னத்துல ஒண்ணு குடுப்பேன்." அஞ்சுகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. "எந்திரி" என்று ஜெனோவா கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள், "பாண்டி பரோட்டாக் கடையில எடம் பிடிச்சுட்டு நிக்கிறா."